சாக்பீஸ் மேல் என்ன குற்றம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்கலைக்கழகம் ஒன்றில் நடந்த 'புத்தாக்கக் கற்பித்தல்' பன்னாட்டுக் கருத்தரங்குக்குச் சென்ற இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். குத்துவிளக்குப் படம், பொன்னாடைப் படம், மலர் வெளியீட்டுப் படம் மூன்றும் பளிச்சென்று வந்திருந்தன. நடுவில் உங்கள் நிருபர் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: 'சாக்பீஸைக் கீழே வைக்க மனம் வராத ஆசிரியர்களால்தான் கல்லூரி வகுப்பறை தேங்கிக் கிடக்கிறது.' தீர்ப்பே சொல்லிவிட்டார். மேல்முறையீட்டுக்கு இந்தக் கடிதம்.

இந்தக் கருத்தரங்குகள் நடக்கும் லட்சணம் தங்களுக்குத் தெரியாததல்ல. பத்து மணி என்று அழைப்பிதழில் போட்ட விழா பதினொன்றுக்குத் தொடங்கும். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள் முடிந்து சிறப்பு விருந்தினர் எழுந்து, விரிவுரை முறை காலாவதியாகிவிட்டது என்று ஒன்றேகால் மணி நேரம் விரிவுரை ஆற்றுவார். ஸ்லைடில் இருப்பதை வரி விடாமல் வாசிப்பார். 2014-ல் அமெரிக்காவில் ஸ்காட் ஃப்ரீமன் என்ற ஆய்வாளரின் குழுவினர் 225 ஆய்வுகளைத் தொகுத்து, அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளில் வெறும் விரிவுரை கேட்ட மாணவர்களில் சுமார் 34 சதவீதம் பேரும், வகுப்பிலேயே யோசித்துப் பேசி எழுத வைக்கப்பட்டவர்களில் சுமார் 22 சதவீதம் பேரும் தோற்றார்கள் என்று காட்டினார்களே, அந்த ஸ்லைடும் தவறாமல் வரும். அதையும் வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போவார். எதிரே இருக்கும் இருநூறு பேரில் ஒருவரையும் வாய் திறக்கவிட மாட்டார்.

மதியம் இணை அமர்வு. அறைக்குப் பத்துப் பன்னிரண்டு கட்டுரை, ஆளுக்கு ஐந்து நிமிடம், நான்காவது நிமிடத்தில் மணி. 'கேள்விகளைத் தேநீர் இடைவேளையில் வைத்துக்கொள்வோம்' என்பார் அமர்வுத் தலைவர். தேநீர் வரும்போது கட்டுரையாளர் பாதிப் பேர் சான்றிதழையும் ஓ.டி. கடிதத்தையும் (அன்று பணியில் இருந்ததாகக் கணக்குக் காட்டும் கடிதம்) வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்பார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். 2010-ல் யுஜிசி எனும் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறை வந்தபோது பதவி உயர்வுக்குக் கட்டுரைக்கும் புள்ளி வைத்தார்கள். வகுப்பு நன்றாகப் போனதற்குப் புள்ளி போட யாரிடமும் அளவுகோல் இல்லை. 'ஐஎஸ்பிஎன் எண்ணுடன் வெளியிடப்படும்' என்று கொட்டை எழுத்தில் அச்சடிக்கிறார்கள். அந்த எண் புத்தகத்துக்கு அடையாளம், அவ்வளவே. உள்ளே இருக்கும் கட்டுரையை யாரும் படித்துப் பார்த்தார்கள் என்பதற்கு அது சான்று அல்ல. நம் நாட்டில் அதைக் கட்டணம் இல்லாமலே தருகிறார்கள். கட்டுரைக்குப் பணம் கட்டுபவர் எதற்குக் கட்டுகிறார் என்று நிருபர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சரி, சாக்பீஸுக்கு வருகிறேன். கருத்தரங்குகளில் சிபாரிசு செய்யப்படும் 'புத்தாக்கம்' பெரும்பாலும் ஏதாவது ஒரு செயலி. கூகுள் ஜாம்போர்டு என்ற மின்பலகைச் செயலியைப் புகழ்ந்து எத்தனை கட்டுரைகள் வந்தன! 2024 டிசம்பர் கடைசியோடு கூகுள் அதை மூடிவிட்டது. என் கரும்பலகையை இன்னும் யாரும் மூடவில்லை.

உண்மையில் பலன் தரும் முறைகளுக்குக் கருவியே வேண்டியதில்லை. இயற்பியல்காரன் என்பதால் என் துறையிலிருந்தே சொல்கிறேன். ஹார்வர்டில் எரிக் மாஸூர் என்ற இயற்பியல் பேராசிரியர் 1991 முதல் செய்துவரும் முறை இது. பாடத்தைப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் நடத்திவிட்டு, கணக்குப் போடாமல் யோசித்தே பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியைப் பலகையில் எழுத வேண்டும். உதாரணம்: கனமான லாரியும் சின்னக் காரும் மோதுகின்றன, எது எதன் மேல் அதிக விசை செலுத்துகிறது? ஒன்று, லாரி. இரண்டு, கார். மூன்று, இரண்டும் சமம். ஒரு நிமிடம் யாரும் பேசாமல் யோசிக்க வேண்டும். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் விரலை நெஞ்சோடு சேர்த்துக் காட்ட வேண்டும். கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னால் கதை கெட்டது. முதல் பெஞ்சைப் பார்த்து மற்ற பெஞ்சுகள் தூக்கும். சரியாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு முப்பதுக்குக் கீழ் என்றால் பாடம் புரியவில்லை, திரும்ப நடத்த வேண்டும். எழுபதுக்கு மேல் என்றால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகரலாம். இடையில் இருந்தால்தான் விருந்து. வேறு விரல் காட்டியவரைத் தேடிப் பிடித்து மூன்று நிமிடம் வாதாடச் சொல்லி, மறுபடி விரல் காட்டச் சொல்ல வேண்டும். 'ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு' என்ற நியூட்டனின் மூன்றாம் விதியைத் தூக்கத்திலும் ஒப்பிக்கும் பிள்ளைகள் 'லாரிதான்' என்று அடித்துப் பேசுவதை அப்போது பார்க்கலாம்.

இதில் எங்கே தவறுகிறது? முதல் வாக்கு முடிந்ததும் ஆசிரியர் வாய் துறுதுறுத்து விடையைச் சொல்லிவிடுவார்; அதன்பின் வாதம் ஏது? அல்லது 'விசை என்றால் என்ன' என்று வரையறையைக் கேட்பார், ஒப்பித்து முடித்துவிடுவார்கள். பெஞ்சுகள் தரையோடு இறுக்கப்பட்டிருந்தால் முன் வரிசையைத் திரும்பி உட்காரச் சொன்னாலே போதும். ஒரு கேள்விக்கு எட்டு நிமிடம் ஆகும். எழுபது பேருக்கு வருகைப்பதிவு எடுத்த பிறகு, ஐம்பது நிமிடப் பாடவேளையில் இரண்டு கேள்விதான் கேட்க முடியும். ரிமோட் போன்ற கிளிக்கர் கருவி வாங்கினால் மேம்படுமா என்றால், கனடாவின் கியூபெக்கில் நாதானியேல் லாஸ்ரி என்ற இயற்பியல் ஆசிரியர் அதையும் ஒப்பிட்டுப் பார்த்து 2008-ல் எழுதிவிட்டார்: கிளிக்கர் வைத்திருந்த வகுப்புக்கும் விடை அட்டையைத் தூக்கிக் காட்டிய வகுப்புக்கும் கற்றலில் வித்தியாசம் இல்லை.

இன்னொன்று, கால் தாள் முறை. கடைசி மூன்று நிமிடத்தில் ஒரு தாளை நான்காகக் கிழித்துக் கொடுத்து, இன்று புரிந்தது எது, புரியாதது எது என்று எழுதி வாங்குவது. பதிவெண் கேட்கக் கூடாது. கேட்டால் எழுபது தாளிலும் 'எல்லாம் புரிந்தது சார்' என்றுதான் இருக்கும். தமிழில் எழுதலாம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கில வழி பி.எஸ்ஸி.யில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை, சந்தேகத்தை ஆங்கிலத்தில் எழுதத் தெரியாமலே வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டுப் போகும். அடுத்த வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தில் அந்தச் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் மூன்றாவது வாரம் எல்லாமே வெற்றுத்தாள்.

இதற்கெல்லாம் செலவு கொஞ்சம் தாள், ஒரு சாக்பீஸ். பிறகு ஏன் நடக்கவில்லை என்று கேட்பீர்கள். நூற்றுக்கு எழுபத்தைந்து மதிப்பெண் இருப்பது பல்கலைக்கழகத் தேர்வில். அந்த வினாத்தாளில் ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் கே1, கே2 என்று ப்ளூம் வகைப்பாட்டின்படி (நினைவுகூர்வதிலிருந்து மேல்நோக்கிச் சிந்தனையை வரிசைப்படுத்தும் படிநிலை) நிலை குறிக்க வேண்டும். 'வரையறு' என்பதை 'பகுப்பாய்க' என்று மாற்றினால் கே1 கே4 ஆகிவிடும். விடை அதே கைடில் அதே பக்கத்தில் இருக்கும். வகுப்புக்குத் தயாராக வேண்டிய நேரத்தில் கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் அமைப்பின் கோப்புக்காக ஜியோ டேக் (எடுத்த இடக் குறிப்பு) போட்ட புகைப்படம் தேடிக்கொண்டிருக்கிறோம். பாதிப் பாடவேளைகளைச் சுமக்கும் கௌரவ விரிவுரையாளர்களுக்கு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று 2019-லேயே யுஜிசி சொன்னது. அவர்களில் எத்தனை பேர் அந்தத் தொகையைக் கண்ணால் பார்த்தார்கள் என்று அடுத்த கருத்தரங்கில் உங்கள் நிருபர் விசாரிக்கட்டும். அவர்கள் கையிலும் சாக்பீஸ்தான் இருக்கிறது.

இதே விஷயமாக முன்பு நான் எழுதியபோது நடுப் பத்தியை வெட்டிவிட்டு, பாராட்டாக இருந்த முதல் இரண்டு வரிகளை மட்டும் போட்டீர்கள். இந்த முறை பாராட்டு வரி எதுவும் வைக்கவில்லை.

கேட்பது ஒன்றுதான். இனி இப்படிப்பட்ட கருத்தரங்குச் செய்தி வரும்போது நிகழ்ச்சி நிரலையும், அதில் கேள்வி-பதிலுக்கு ஒதுக்கிய நிமிடங்களையும், ஒரு சின்னக் கட்டத்தில் அச்சிடுங்கள். இடம் போதாவிட்டால் பொன்னாடைப் படத்தை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்