கொடியைச் சுருட்டும் முன் ஏட்டை எழுதுங்கள்

படைப்பிரிவுகளின் பதிவேடுகளைப் பேணும் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். பெயர் மாறிய படைப்பிரிவில் பணியாற்றியோரின் பதிவைக் கேட்டு ஆங்கிலத்தில் அனுப்பிய மூன்று விண்ணப்பங்களுக்கும் உருப்படியான பதில் வராததால், அமெரிக்கத் தரைப்படையில் ஹெலிகாப்டர் மெக்கானிக்காக இருந்த நான், வீட்டில் பேசும் தமிழிலேயே இதை எழுதுகிறேன். இதற்கும் பதில் இல்லையென்றால் புதிதாக நட்டம் ஏதுமில்லை.

2014-இல் அறிவித்த மறுசீரமைப்பில் கயோவா வாரியர் என்னும் சிறு உளவு ஹெலிகாப்டர்களின் பணி, அப்பாச்சி தாக்குதல் ஹெலிகாப்டருக்கும் ஷாடோ என்னும் ஆளில்லா ட்ரோனுக்கும் போன கதை தாங்கள் அறிந்ததே. கதவுகளைக் கழற்றிவிட்டுத் தாழப் பறந்து இருவர் உயிரைக் கொடுத்துப் பார்த்து வந்ததை ஒரு கருவி பார்க்குமானால் நல்லதுதான். அதில் எனக்கு வழக்கில்லை. வழக்கெல்லாம் பிரிவின் பெயரையும் எண்ணையும் தாங்கும் கொடியைப் பற்றியது. ஃபோர்ட் பிளிஸ் ராணுவத் தளத்தில் 2015 மார்ச்சில் 501-ஆம் ரெஜிமென்ட்டின் ஹெலிகாப்டர் பட்டாலியன் ஒன்று, பெயரில் மட்டும் குதிரை உள்ள 6-ஆம் குதிரைப்படையின் 3-ஆம் ஸ்குவாட்ரனாகி ஷாடோக்களைச் சேர்த்துக்கொண்டதுபோல, ஒரு கொடியைச் சுருட்டி அதே ஆட்களிடம் வேறு எண்ணுள்ள கொடியைக் கொடுப்பது தங்களுக்கு ஒரு காலைநேரச் சடங்கு. பழைய கொடியின் கீழ் இருந்தவர்களை யார் எங்கே எழுதி வைக்கிறார்கள்?

2007-இல் என்னுடன் ஈராக்கில் இருந்த நண்பர் ஒருவர், ரோட்டருக்கு மேலே பந்துபோல் நிற்கும் காட்சிக் கருவியின் கண்ணாடியில் படிந்த மணலை விடியுமுன் துடைத்து வைப்பார். அந்நேரத்திலும் ஓடுதளத்துக்கு அப்பால் குப்பைக் குழி எரிந்துகொண்டிருக்கும். இன்று அவருக்கு நான்கு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இப்படிக் குப்பைக் குழிப் புகையால் நோயுற்ற முன்னாள் வீரர்களுக்கு மருத்துவமும் உதவித்தொகையும் தரவே 2022-இல் பாக்ட் சட்டம் வந்தது. அதைப் பெற, எங்கே, எப்போது பணியாற்றினார் என்று காட்ட வேண்டும். விடுவிப்புச் சான்றிலோ அவர் கடைசியாக இருந்த பிரிவின் பெயர்தான் இருக்கிறது. விசாரித்தபோது, இது ஆளில்லா வானூர்திப் பிரிவு, இதில் ஹெலிகாப்டர் மெக்கானிக் பணியிடமே இல்லை என்று எழுத்தில் பதில் வந்தது. அப்படியானால் அவர் துடைத்தது யாருடைய கண்ணாடி?

குதிரைகள் போய் எண்பது ஆண்டு கழிந்தும் குதிரைப்படையின் பழைய அடையாளங்களான ஸ்டெட்சன் தொப்பியையும் குதிமுள்ளையும் கண்ணும் கருத்துமாகக் காத்து வருகிறீர்கள். 2007-ஆம் ஆண்டின் பணிப் பதிவேட்டைக் காப்பது மட்டும் முடியாமற்போனது வியப்பளிக்கிறது. ஹெலிகாப்டரின் இடத்துக்கு வந்த ஷாடோவுக்கும் 2024-இல் ஓய்வு அறிவித்தாயிற்று. 2025 மே மாத உத்தரவில், ஹெலிகாப்டரில் பறக்கும் வான்குதிரைப்படை ஸ்குவாட்ரன்கள் மேலும் பலவற்றைக் கலைக்க முடிவாயிற்று. நாளை ட்ரோன் இயக்குபவர்களும் எங்களைப்போல் வாசலில் வந்து நிற்பார்கள்.

சற்றே கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்தருள்க. கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு முறை கொடி மாறும்போதும் பழைய பெயர், புதிய பெயர், பணியாற்றிய இடம், தேதி ஆகிய நான்கையும் ஒரே ஏட்டில் எழுதி, கேட்பவருக்குக் கிடைக்கும்படி வையுங்கள். எங்கள் ஸ்குவாட்ரனிலிருந்து தொடங்கினால் என் நண்பரின் மேல்முறையீட்டுக் கெடுவுக்குள் அது உதவும். அன்புகூர்ந்து ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பழைய கொடியின் கீழ் இருந்த ஒரு மெக்கானிக்