ஃபால்கன் 9 நேரலை: எப்போது எதைப் பார்ப்பது

குழுவினருக்கு வணக்கம். ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 9 ராக்கெட் ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்களைக் கொண்டுபோகும் ஏவல்களின் நேரலை, ராக்கெட் கிளம்புவதற்குச் சுமார் 5 நிமிடம் முன்புதான் தொடங்கும். ஃப்ளோரிடா நேரத்தோடு கோடையில் ஒன்பதரை மணி, குளிர்காலத்தில் பத்தரை மணி கூட்டினால் இந்திய நேரம்.

எரிபொருள் நிரப்புவது 35 நிமிடம் முன்பு ஆரம்பம். திரவ ஆக்சிஜனை வழக்கத்தைவிடக் கூடுதலாகக் குளிர்வித்து அடர்த்தியாக்கி ஏற்றுகிறார்கள், காத்திருந்தால் சூடேறிவிடும். அதனால் அதற்குப்பின் கவுண்ட்டவுன் கடிகாரம் நின்றால் பெரும்பாலும் அன்றைய முயற்சி அவ்வளவுதான்.

கிளம்பிய சுமார் இரண்டரை நிமிடத்தில் ராக்கெட்டின் கீழ்ப்பகுதியான முதல் கட்டம் பிரியும். எஞ்சின் அணைந்த பிறகும் அதன் உயர எண் ஏறிக்கொண்டே போகும். திரையில் கோளாறு இல்லை. பெற்ற வேகத்தில் இன்னும் மேலே போய்த்தான் விழத் தொடங்குகிறது.

ஆறு நிமிடத்தை ஒட்டி முதல் கட்டத்தின் 3 எஞ்சின்கள் எரிந்து வேகத்தைக் குறைக்கும். எட்டரை நிமிடத்துக்குச் சற்று முன்போ பின்போ, ஒரே எஞ்சினில் கடலில் மிதக்கும் மேடையில் இறங்கும். கண் சிமிட்டாமல் பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஒற்றை எஞ்சினை எவ்வளவு தணித்தாலும் அதன் உந்துவிசை காலி ராக்கெட்டின் எடையைவிட அதிகம். அந்தரத்தில் நிற்க வழியில்லை. மேடையைத் தொடும் கணத்தில் வேகம் பூஜ்யமாக வேண்டும். அப்போது படம் உறைந்தால் பதற வேண்டாம். அதிர்வில் மேடையின் ஆன்டெனா தொடர்பு அறுந்திருக்கும்.

கிட்டத்தட்ட அதே வேளையில் செயற்கைக்கோள்களைச் சுமக்கும் இரண்டாம் கட்டமும் சுற்றுப்பாதையை எட்டும், மணிக்கு சுமார் 27,000 கி.மீ. வேகத்தில். செயற்கைக்கோள்கள் விடுபடுவது பெரும்பாலும் ஒரு மணி நேரம் கழித்து. சாப்பிட்டுவிட்டு வரலாம்.