மேட்டூர் அணையின் பச்சை நீர்: தெளித்தால் தீருமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மேட்டூர் அணையின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் தண்ணீர் பச்சையாகி நாற்றமடிப்பதையும், அதற்காக நுண்ணுயிர்க் கலவை தெளிக்கப்படுவதையும் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். பண்ணவாடி, கோட்டையூர், செட்டிப்பட்டிப் பக்கத்து மக்களுக்கு இது புதிதல்ல. கரையோரம் பச்சைப் படலம் ஒதுங்கும், நாற்றம் தாங்காமல் புகார் கொடுப்பார்கள், கலவை தெளிப்பார்கள். அப்புறம் காற்று திசை மாறும், அல்லது புதுவெள்ளம் வரும். நாமும் மறந்துவிடுவோம்.

சேலம் மாநகரம் குடிப்பது இந்த அணைத் தண்ணீரை. இதைக் கரையோர ஊர்களின் நாற்றப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பது சரியல்ல.

அணைகளில் இப்படிப் படலம் கட்டி மிதப்பது பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசி. பாசி என்று அழைத்தாலும் அது ஒருவகை பாக்டீரியா. அதில் சில வகைகள் மைக்ரோசிஸ்டின் என்ற, கல்லீரலைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரில், ஈரி ஏரியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரில் இந்த நஞ்சு தென்பட்டதால், சுமார் 4 லட்சம் பேரிடம் அதைக் குடிக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டிவந்தது. மேட்டூரில் அப்படி நடந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. நஞ்சு இருக்கிறதா இல்லையா என்று பார்த்து மக்களுக்குச் சொல்ல வேண்டும் என்கிறேன். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் அளவு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். அளந்து பார்க்கக்கூடிய ஒன்றுதான்.

இந்தப் பாசிக்குத் தீனி எது என்பதில் பெரிய மர்மம் இல்லை. 1973இல் கனடாவில் ஒரு சிறிய ஏரியை நடுவில் திரை போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கரிமச் சத்தும் தழைச்சத்தும் மட்டும் கலந்தார்கள். மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும், அதாவது மணிச்சத்தும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் போட்ட பாதி மட்டும் பச்சையாகிப்போனது. மேலிருந்து எடுத்த அந்தப் படத்தைப் பார்த்தால் யாருக்கும் விளக்கமே தேவைப்படாது.

மேட்டூருக்கு அந்தச் சத்து பல வழிகளில் வருகிறது. கோடையில் நீர்மட்டம் இறங்கியதும் வெளியே தெரியும் வண்டல் நிலத்தில் எள், நிலக்கடலை, சோளம் என்று சாகுபடி நடக்கிறது. பயிர் எடுத்ததுபோக மிஞ்சும், பாஸ்பரஸ் கலந்த டிஏபி, காம்ப்ளக்ஸ் உரங்கள் மண்ணிலேயே கிடக்க, கர்நாடகத்திலிருந்து தண்ணீர் வந்து அதன் மேல் நிற்கிறது. அதற்காக அந்த விவசாயிகள் தலையில் மட்டும் பழியைப் போடுவது அநியாயம். பெங்களூரின் கழிவைச் சுமக்கும் விருஷபாவதி ஆறு, அர்க்காவதி ஆற்றில் சேர்ந்து, கனகபுராவுக்குத் தெற்கே சங்கமத்தில் காவிரியில் கலக்கிறது. அங்கிருந்து மேட்டூர்தான். நம் பக்கத்து ஊர்ச் சாக்கடைகளும் சுத்தமில்லை.

தெளிக்கும் கலவை நாற்றத்தைக் குறைக்கலாம், தெளிப்பவர்களின் உழைப்பையும் நான் குறைசொல்லவில்லை. ஆனால் அது பாஸ்பரஸை அணையை விட்டு வெளியேற்றுவதில்லை. செத்த பாசி அடியில் படிந்து, சத்தும் அதோடு சேற்றில் தங்குகிறது. ஆழத்தில் ஆக்சிஜன் தீர்ந்ததும் அந்தச் சேறு பாஸ்பரஸை மறுபடி தண்ணீருக்குள் விடும். இன்றே பாஸ்பரஸ் வரத்தை நிறுத்தினாலும் பலன் தெரியச் சில ஆண்டுகள் ஆகும். நிறுத்தினால் தெளியும் என்பதும் உண்மைதான். சியாட்டில் நகரை ஒட்டிய வாஷிங்டன் ஏரிக்குள் விட்டுவந்த சுத்திகரித்த கழிவுநீரை 1960களில் படிப்படியாகத் திருப்பிவிட்டார்கள். அடுத்த பத்தாண்டுக்குள் தண்ணீர் தெளிந்தது.

காவிரி என்றால் எத்தனை டிஎம்சி என்றுதான் நாம் கேட்கிறோம். அந்தக் கேள்வி நியாயமானது. அதோடு, வரும் தண்ணீரில் எவ்வளவு பாஸ்பரஸ் வருகிறது என்பதையும் இரு மாநிலமும் எல்லையில் அளந்து பேச வேண்டும். நீர்ப்பிடிப்பு நிலத்தில் பயிரிடுவோருக்கு வேளாண் துறை மண் பரிசோதனை செய்துகொடுத்து, மணிச்சத்து தேவையில்லாத இடத்தில் டிஏபி போட வேண்டாம் என்று சொல்லலாம். ஏற்கெனவே வண்டல் படிந்த மண் அது, பல இடங்களில் அந்த உரம் வீண் செலவாகவே இருக்கும். குடிநீர் எடுக்கும் இடத்தில் பாஸ்பரஸையும் மைக்ரோசிஸ்டினையும், பச்சை பிடிக்கும் மாதங்களில் வாரம் ஒருமுறையாவது சோதிக்க வேண்டும். முடிவை அலுவலகக் கோப்பில் வைக்காமல், கரையோர ஊராட்சி அலுவலகங்களிலும் சேலம் மாநகராட்சியிலும் எல்லோரும் படிக்கும்படி ஒட்ட வேண்டும். பரிசல் ஓட்டி மீன் பிடிப்பவர்களும், மாட்டை அந்தக் கரையில் தண்ணீர் காட்டுபவர்களும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள். தங்கள் செய்தியாளர் அடுத்தமுறை அங்கே போகும்போது, எத்தனை லிட்டர் தெளித்தீர்கள் என்பதோடு இந்தச் சோதனை முடிவுகளையும் கேட்டு வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சேலம்