கழுத்து ஸ்கேனைப் படிக்கும் மென்பொருள் செய்பவர்களுக்கு

வணக்கம்.

தைராய்டு கட்டியின் அல்ட்ராசவுண்ட் படத்தைப் பார்த்து, இது சாதாரணக் கட்டி, இது புற்றுநோய் என்று பிரித்துச் சொல்ல மென்பொருள் எழுதுகிறீர்கள். நான் அந்தப் படங்களை எடுக்கிற டாக்டர். உங்கள் வேலைமீது எனக்குப் பகை கிடையாது. நாளின் கடைசிக் கழுத்தைப் பார்க்கும்போது கண் அசந்துவிடும். களைப்பே தெரியாத இன்னொரு கண் பக்கத்தில் இருந்தால் நல்லதுதானே.

ஆனால் போன வாரம் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். ஒரு பெண்மணியின் கழுத்தில், பாதி நீரும் பாதி சதையுமாக ஒரு கட்டி. படத்தை நிறுத்தியதுமே மென்பொருள் சிவப்புக் கட்டம் போட்டது. காரணம், உள்ளே மின்னிய வெள்ளைப் புள்ளிகளாகத்தான் இருக்க வேண்டும். அந்தப் புள்ளிகளில் இரண்டு ஜாதி உண்டு. பொடி உப்பைத் தூவியது போன்ற கால்சியத் துகள்கள் பாப்பிலரி என்ற தைராய்டு புற்றுநோய் வகையைச் சந்தேகிக்க வைக்கும். நீர்ப்பகுதியில் கொலாய்டு என்ற கூழ் போன்ற தைராய்டுப் பொருள் கெட்டிப்பட்டு மின்னும் புள்ளிக்குப் பின்னால் வால்நட்சத்திரம் மாதிரி ஒரு வால் நீளும், அது சாது. கழுத்தில் வைத்து ஓட்டும் ஸ்கேன் கருவியான ப்ரோபைக் கொஞ்சம் சாய்த்தேன், வால் தெரிந்தது. அந்தப் படத்தைக் கொடுத்தபோது அதே மென்பொருள் பச்சை காட்டியது. இரண்டுக்கும் நடுவே இரண்டு நிமிடம்கூட இல்லை.

முதல் படத்தை நிறுத்தியது என் கைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் ஒருபோதும் ஒரே படத்தை வைத்து முடிவு சொல்வதில்லை. குறுக்கே, நெடுக்கே, சாய்த்து என்று கட்டியை முழுக்க ஓட்டிப் பார்த்துத்தான் சொல்கிறேன். உங்கள் மென்பொருளுக்கும் அந்த ஓட்டத்தைக் கொடுங்கள்.

அடுத்து, அது எதைப் படித்து வளர்ந்தது என்பது. இது புற்றுநோயா என்று அடித்துச் சொல்ல, அறுத்து எடுத்த கட்டியின் பரிசோதனை முடிவுதான் வேண்டும் என்கிறீர்கள். சரி. ஆனால் யாரை அறுக்கிறார்கள்? ஏற்கெனவே சந்தேகம் வந்தவர்களைத்தான். என் அறைக்கு வரும் கட்டிகளில் பெரும்பாலானவை கத்தியையே பார்க்காதவை. ஒரு கணக்குப் போடுவோம். புற்றுநோயில் 90 சதவீதத்தைப் பிடித்து, சாதாரணக் கட்டிகளில் 90 சதவீதத்தைச் சரியாக விட்டுவிடும் மென்பொருள் என்று வையுங்கள். 1000 கட்டிகளில் 50தான் புற்றுநோய் என்றால், 45 உண்மையான சிவப்பும் 95 பொய்ச் சிவப்பும் வரும். பாதிக்குப் பாதி புற்றுநோய் இருக்கும் தொகுப்பில் சோதித்தால் இந்தப் பொய் கண்ணில் படாது.

அப்புறம், அளவெடுக்க நான் வைக்கும் கூட்டல் குறிகள். சந்தேகமான கட்டிக்குத்தான் அதிகம் வைப்பேன். மென்பொருள் கட்டியைப் படிக்கிறதா, என் குறியைப் படிக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். ஒரே நோயாளியின் ஒரு படம் பாடத்திலும் இன்னொரு படம் பரீட்சையிலும் இருந்தால் வரும் மார்க்கும் மார்க் இல்லை.

ஃபாலிகுலர் என்ற இன்னொரு தைராய்டு கட்டி வகையில், ஊசியால் செல்களை உறிஞ்சிப் பார்க்கும் ஊசி டெஸ்ட்டே திணறும். கட்டி தன் உறையையோ ரத்தக்குழாயையோ துளைத்திருக்கிறதா, அதாவது புற்றுநோயா என்பது, எடுத்த பிறகு மைக்ராஸ்கோப்பில்தான் தெரியும். அங்கேயும் உங்கள் திரை புற்றுநோய் 87 சதவீதம் என்று தைரியமாக ஒரு எண்ணைக் காட்டுகிறது. 'இதைப் படத்தில் சொல்ல முடியாது' என்று ஒரு விடை ஏன் இல்லை?

அளவையும் மறக்காதீர்கள். 2017-இல் வந்த அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரியின் டைராட்ஸ் முறை, கட்டிகளைச் சந்தேகத்தின் அளவுப்படி ஐந்து வகையாகப் பிரிக்கிறது. அதில் மிகச் சந்தேகமான ஐந்தாம் வகைக்கே கட்டி 1 செ.மீ. இருந்தால்தான் ஊசி டெஸ்ட். மூன்றாம் வகைக்கு 2.5 செ.மீ. சின்னப் பாப்பிலரி கட்டிகள் பல, வருஷக்கணக்கில் சும்மா கிடக்கும். தென் கொரியாவில் உடல் பரிசோதனையோடு கழுத்து ஸ்கேனும் பரவியபோது, 2011-இல் தைராய்டு புற்றுநோய் கண்டுபிடிப்பு 1993-ஐப் போல 15 மடங்கு ஆனது. சாவு எண்ணிக்கை அசையவே இல்லை. 4 மி.மீ. கட்டியைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் போடும் முன் இதை நினைத்துப்பாருங்கள்.

இன்னொன்று. படுத்திருப்பவருக்கும் அந்தத் திரை தெரியும். நான் ப்ரோபைச் சாய்ப்பதற்குள் அந்தப் பெண்மணி சிவப்பைப் பார்த்துவிட்டார். வாலைக் காட்டி விளக்கினேன், தலையாட்டினார். ஜெல்லைத் துடைத்துக்கொண்டே, "அப்புறம் ஏன் டாக்டர் சிவப்பா வந்துச்சு?" என்று கேட்டார். அடுத்த பதிப்பில், நான் பார்த்து முடிக்கும்வரை அந்த நிறம் திரையில் வராமல் செய்யுங்கள்.