மாட்டுக்கறிக்கும் முத்திரை குத்துங்கள்: நகராட்சி ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் கால்வாய்க்கரை மாட்டுக்கறிக் கடைகளை உங்கள் ஊழியர்கள் ஏன் அகற்றினார்கள் என்பது உங்களுக்கே தெரியும். கால்நடை மருத்துவர் சோதித்துக் குத்தும் முத்திரை இல்லாத கறியாம். உண்மைதான். ஆனால் அந்த முத்திரையை எங்கே போய் வாங்குவது? நகராட்சி அறுவைமனையில் ஆட்டுக்கு மட்டும்தான் இடம். 1958-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதைத் தாண்டி, வேலைக்கும் இனவிருத்திக்கும் ஆகாத மாடு என்று சான்று இருந்தால் அறுக்கலாம். அந்தச் சான்றுக்கும் முத்திரைக்கும் வழி செய்யாமல், அவை எங்கே என்று கேட்டால் கடைக்காரர் என்ன செய்வார்?

நாங்கள் வாங்குவது ஏரிக்கரையில் மேய்ந்து வைக்கோல் தின்ற உழவு மாடு. அமெரிக்காவில் பெரும்பாலான மாடுகளைக் கடைசி மாதங்களில் பட்டியில் அடைத்து மக்காச்சோளம் போட்டுக் கொழுக்க வைக்கிறார்கள். அதனால் கடைசிவரை புல்லே தின்ற மாட்டின் கறிக்கு அங்கே தனி மவுசு, தனி விலை. இங்கே அதே கறியைத் தண்ணீர்க் குழாய்கூட இல்லாத இடத்தில், ஈ ஓட்டிக்கொண்டே வெட்டி, கருப்பு கவரில் மறைத்துத் தருகிறார்கள். 2019-இல் தடை செய்த பிளாஸ்டிக் பை எங்கள் கறிக்கு மட்டும் இன்னும் கிடைக்கிறது, அதற்காவது நன்றி.

சமைக்கத் தெரியாமல் கேட்கவில்லை. கொழுப்பு மஞ்சளாக இருந்தால் புல் தின்ற மாடு, வெள்ளையாக இருந்தால் எருமை என்று பார்த்தே சொல்வோம். வயதான மாட்டில் கொழுப்பு குறைவு, அவசரப்பட்டால் ரப்பராகிவிடும். பப்பாளிக்காய் அரைத்துத் தடவி ஊறவைத்து, சிறுதீயில் வேகவிட்டு, சோம்பும் தேங்காய்ச் சில்லும் போட்டுச் சுருள வதக்கினால் பஞ்சாகிவிடும். ஆனால் அந்த மாட்டுக்கு நோய் இருந்ததா என்று குக்கர் விசிலடித்துச் சொல்லாது. அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

2022-இல் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறிக்கு இடமில்லை என்று சர்ச்சை எழுந்தபோது, மழையைக் காரணம் காட்டி விழாவையே தள்ளிவைத்தார்கள். நம் ஊரில் மழையும் இல்லை. நீங்கள் என்ன காரணம் சொல்வீர்களோ!

சரி, கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அறுவைமனையில் மாட்டுக்கென ஒரு தனிக் கொட்டகை, தண்ணீர்க் குழாய், கழிவு போக வழி, வாரம் இரண்டு நாள் கால்நடை மருத்துவர், கறியில் முத்திரை. இவ்வளவுதான் வேண்டும். அதுவரை அகற்றிய கடைக்காரர்களுக்கு மாற்று இடம் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பதிலை எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
கால்வாய்க்கரைக் கடைகளின் வாடிக்கையாளர் ஒருவர்