கஸ்ஸாலிமேல் போட்ட பழியை அடுத்த பதிப்பிலாவது எடுத்துவிடுங்கள்

போட்டித் தேர்வுகளுக்கு வரலாற்றுக் கையேடு எழுதும் பெருமக்களுக்கு,

வணக்கம். பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இப்போது மாலை வேளைகளில் எங்கள் ஊர் நூலகத்தில், அரசு வேலைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறேன். அவர்கள் கையில் இருப்பவை உங்கள் புத்தகங்கள்தான். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

இடைக்கால இஸ்லாமிய உலகம் என்று வந்தால், நான் பார்த்த கையேடுகளில் எல்லாம் ஏறக்குறைய அதே மூன்று வரிகள். அரேபியர் கிரேக்க நூல்களைப் பாதுகாத்தனர். கஸ்ஸாலி தத்துவத்தைத் தாக்கியதால் அறிவியல் தேய்ந்தது. 1258இல் மங்கோலியர் பாக்தாதை அழித்ததோடு எல்லாம் முடிந்தது. அதற்குக் கீழே ஒரு மதிப்பெண் வினாக்கள். போன வாரம் ஒரு பெண் நடு வரியைப் படித்துவிட்டுக் கேட்டாள்: "ஒரே ஒருத்தர் புத்தகம் எழுதி ஒரு உலகத்தோட அறிவியலையே நிறுத்திட முடியுமா சார்?" முடியாதும்மா என்றேன். ஆனால் தேர்வில் என்ன எழுதுவது என்று அடுத்த கேள்வி கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இஸ்லாமிய மார்க்க அறிஞரான கஸ்ஸாலி 1058இல் ஈரானின் தூஸ் நகரில் பிறந்தவர். 1091இல் பாக்தாத் நிஜாமிய்யா மதரஸாவில் பேராசிரியர். 1095இல் 'தஹாஃபுத் அல்-ஃபலாசிஃபா'வை எழுதி முடித்தார். தத்துவவாதிகளின் தடுமாற்றம் என்று பொருள் சொல்லலாம். அவர் முக்கியமாகக் குறிவைத்தது, மருத்துவரும் தத்துவவாதியுமான இப்னு சீனாவை. 20 கருத்துகளை எடுத்து உரசிப் பார்க்கிறார். உலகத்துக்குத் தொடக்கமே இல்லை, இறைவன் பொதுவானதை மட்டுமே அறிவான், மறுமையில் உடல் எழாது என்ற 3 கருத்துகளை மட்டும் இறைமறுப்பு என்று தீர்ப்புச் சொல்கிறார். மார்க்கச் சட்டப்படி அது உயிருக்கே உலை வைக்கும் குற்றச்சாட்டு. அதை மறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் அதே நூலின் முன்னுரையைக் கொஞ்சம் புரட்டுங்கள். சூரியனுக்கும் நிலவுக்கும் நடுவில் பூமி வந்து நிற்பதுதான் சந்திர கிரகணம் என்று வானியலார் சொல்வதை அவரே எடுத்துவைக்கிறார். கணக்குப் போட்டு, கிரகணம் எப்போது பிடிக்கும், எவ்வளவு மறைக்கும், எப்போது விடும் என்று சொல்லக்கூடியவனிடம் போய், இது மார்க்கத்துக்கு விரோதம் என்று வாதாடுபவன் மார்க்கத்துக்குத்தான் கேடு செய்கிறான் என்கிறார். பிற்காலத்தில் சட்டக் கோட்பாடு பற்றி எழுதிய 'அல்-முஸ்தஸ்ஃபா'வில், தருக்கம் தெரியாதவனின் அறிவை நம்பவே முடியாது என்கிறார். அறிவியலைக் கொன்றவர் என்று நீங்கள் அச்சடித்திருப்பது இந்த மனிதரைத்தான்.

அவர் கேட்ட ஒரு கேள்வியை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். பஞ்சில் நெருப்புப் படுகிறது, பஞ்சு எரிகிறது. நெருப்புப் பட்டபோது எரிந்தது என்பதற்குக் கண் சாட்சி. நெருப்பால்தான் எரிந்தது என்பதற்கு எது சாட்சி? கஸ்ஸாலியின் பதில், எரிப்பது இறைவன் செயல் என்பது. இந்தக் கேள்விக்கு ஏறத்தாழ 85 ஆண்டுகள் கழித்து, மத்தியதரைக் கடலின் மறுகோடியில், ஸ்பெயினில் உள்ள கார்டோபாவின் இப்னு ருஷ்து 'தஹாஃபுத் அத்-தஹாஃபுத்' என்று மறுப்பு எழுதினார். தடுமாற்றத்தின் தடுமாற்றம்! காரணங்களை மறுப்பவன் அறிவையே மறுக்கிறான் என்பது அவர் வாதம். அவரும் மார்க்கச் சட்டம் படித்த காஜிதான். செவில்லிலும் கார்டோபாவிலும் நீதிபதியாக இருந்தவர். மதம் ஒரு பக்கம், அறிவு ஒரு பக்கம் என்று கோடு கிழிக்க முடியாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? உங்கள் புத்தகத்தில் இப்னு ருஷ்து 'பொருத்துக' பகுதியில் கார்டோபாவோடு கோடு போட்டு இணைக்க மட்டும் வருகிறார்.

கஸ்ஸாலியோடு தேய்ந்தது என்றால், அவருக்குப் பின்னால் வந்தவர்களை எங்கே வைப்பது? 1242இல் கெய்ரோவில் மருத்துவர் இப்னு அன்-நஃபீஸ், இதயத்தின் வலப்பக்க ரத்தம் இடப்பக்கம் போக நடுச்சுவரில் துளை ஏதும் இல்லை, அது நுரையீரல் வழியாகத்தான் சுற்றி வருகிறது என்று எழுதினார். பழைய கிரேக்க மருத்துவர் காலனையும் (Galen) இப்னு சீனாவையும் ஒரே வரியில் மறுத்தார். அவரும் ஷாஃபிஈ என்ற மார்க்கச் சட்டப் பிரிவைக் கற்பித்தவர்தான். மூன்றாவது வரிக்கும் இதே கதி. பாக்தாதை வீழ்த்திய மங்கோலியத் தலைவன் ஹுலாகு மறு ஆண்டே, 1259இல், ஈரானின் மராகாவில் வான் ஆய்வுக்கூடம் தொடங்கப் பணம் கொடுத்தான். நடத்தியவர் நஸீருத்தீன் தூஸி. அந்த மரபில் வந்த இப்னு அஷ்-ஷாத்திர், 14ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸ் உமையா பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணிக்கும் பொறுப்பில் இருந்தவர். நிலவின் ஓட்டத்துக்கு அவர் அமைத்த கணக்கும், 1543இல் வெளிவந்த கோப்பர்நிக்கஸ் நூலில் உள்ள கணக்கும் அமைப்பில் ஒன்றே. சமர்கந்தில் அல்-காஷி 1424இல் பை (π) என்ற எண்ணின் மதிப்பை 16 தசம இடங்கள்வரை சரியாகக் கண்டார். முடிந்துபோன கதையில் இத்தனை பேருக்கு என்ன வேலை?

இனி முதல் வரி. பாதுகாத்தனர் என்கிறீர்கள். பரணில் கட்டிப் போட்டு வைத்த பித்தளைப் பாத்திரமா அது? 9ஆம் நூற்றாண்டில் மொழிபெயர்ப்பாளர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக், காலனின் ஒரே ஒரு நூலுக்காக மெசபடோமியா, சிரியா, பாலஸ்தீனம், எகிப்து என்று தேடி அலெக்சாந்திரியாவரை போனார். கிடைத்தது ஏறக்குறைய பாதி, அதுவும் டமாஸ்கஸில். கிடைக்கும் கிரேக்கப் படிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாடத்தைச் சரி செய்துவிட்டுத்தான் மொழிபெயர்ப்பில் இறங்குவார். ஏட்டுச்சுவடி பதிப்பித்தவர்கள் பட்ட பாட்டை அறிந்த தமிழருக்கு இந்த உழைப்பை விளக்க வேண்டியதில்லை. அப்படி வந்த காலனைத்தான் அர்-ராஸி 'காலன் மீதான ஐயங்கள்' என்று எழுதிக் கேள்வி கேட்டார். கிரேக்க வானியலார் தாலமி மீதான ஐயங்களை இப்னு அல்-ஹைதம் எழுதினார். முன்னோர் நூலைப் படிப்பவன் அந்த நூலுக்கே எதிரியாக நின்று படிக்க வேண்டும், தன்னையும் சந்தேகிக்க வேண்டும் என்றவர் அவர்.

'அரேபியர்' என்ற சொல்லையும் பாருங்கள். கணித அறிஞர் அல்-குவாரிஸ்மி மத்திய ஆசியாவின் குவாரிஸ்ம் பகுதிப் பெயரைச் சுமப்பவர். கஸ்ஸாலி பாரசீகர். ஹுனைன் கிறிஸ்தவர். தாபித் இப்னு குர்ரா, ஹர்ரான் ஊரின் சாபியர் என்ற தனிச் சமயத்தவர். அரபியில் எழுதியவர்கள் என்று போட்டால் எட்டு எழுத்து கூடும், அவ்வளவுதான். இந்தக் கதையில் நம் பங்கும் உண்டு: இங்கே சூன்யம், அங்கே ஸிஃப்ர், சுற்றிவந்து என் பாட்டி வாயில் 'சைபர்'.

அல்பெரூனியை மட்டும் நீங்கள் இந்திய வரலாற்றுப் பகுதிக்கு நாடு கடத்திவிட்டீர்கள். 'கிதாபுல் ஹிந்த்' எழுதியவர் என்ற ஒரு வரி. கஜினி மகமூதின் அரசவையில் இருந்தவராயினும், மகமூதின் படையெடுப்பு இந்நாட்டின் வளத்தைப் பாழாக்கியது என்று எழுதியவர் அவர் என்பது அந்த வரியில் இல்லை. சமஸ்கிருதம் கற்றுப் பதஞ்சலியின் யோக நூலை அரபியில் தந்ததும் இல்லை.

பக்கம் கூடினால் விலை கூடும் என்பீர்கள். கூட வேண்டாம். அந்த நடு வரியை எடுத்துவிட்டு, அதே இடத்தில் கிரகணத்தைப் பற்றிக் கஸ்ஸாலி சொன்னதைப் போடுங்கள், இடம் சரியாக இருக்கும். அச்சுக்குப் போகுமுன் அந்த அத்தியாயத்தை என்னிடம் அனுப்பினால் மெய்ப்புப் பார்த்துத் தருகிறேன். கூலி வேண்டாம். நூலகத்துக்கு ஐந்து படிகள் அனுப்பினால் போதும், பிள்ளைகள் பழைய பதிப்பைத்தான் மாற்றி மாற்றிப் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியன்