1988 பத்தாம் வகுப்பு நண்பர்கள் சங்கம், செங்கோட்டை: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் நண்பர்களே, தோழிகளே, சாப்பாட்டு நேரத்துக்குள் வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கும் மற்றவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஆண்டு நிகழ்ச்சிகள் வழக்கம்போல நடந்தன. சுதந்திர தினத்தன்று பள்ளியில் மிட்டாய் கொடுத்தோம். ஆசிரியர் தினத்தில், இன்று நம்மோடு இருக்கும் மூன்று ஆசிரியர்களுக்கும் வீடு தேடிப் போய்ச் சால்வை போர்த்தினோம். குற்றாலம் சீசனில் குடும்பச் சந்திப்பு, ஐந்தருவிக் குளியல், பிறகு பிரானூர் பார்டரில் பரோட்டா. மறைந்த நண்பர் ஒருவருக்கு அஞ்சலி செலுத்தினோம்.

இனி மலர் விஷயம். நம் பள்ளி நாட்களைத் திரும்பிப் பார்த்து ஒரு நினைவு மலர் கொண்டுவருவது என்று சென்ற பொதுக்குழுவில் பலத்த கைதட்டலோடு தீர்மானம் போட்டோம். ஆளுக்கு ஒரு பக்கம், பொங்கலுக்குள். தட்டிய கைகளில் பேனாவைப் பிடித்தவை பதினொன்று. வாட்ஸ்அப் குழுவில் தினமும் விடிவதற்குள் ரோஜாப்பூ அனுப்புகிறவர்களுக்குக்கூட ஒரு பக்கம் எழுத நேரம் இல்லையாம்.

வந்த பதினொன்றிலும் ஏழு ஒரே கட்டுரை. ‘கணக்கு வாத்தியார் அடித்தார், அதனால்தான் இன்று நன்றாக இருக்கிறோம்.’ சரி, அடித்தார். எதற்கு அடித்தார், யாரை அடித்தார், அன்றைக்கு மழை பெய்ததா, ஒன்றும் இல்லை. நம் ஊரில் ஜூன் மாதம் பள்ளி திறப்பதும் சாரல் தொடங்குவதும் ஒன்றாகத்தான் வரும். புதுப் புத்தகத்துக்கு அட்டை போட்ட பிரவுன் தாள் ஒரு வாரத்தில் ஊறி, அதன் சாயம் சட்டையில் இறங்கியதை ஒருவராவது எழுதியிருக்கலாம். நாம் பத்தாவது படிக்கும்போதுதான், 1987 டிசம்பர் 24 அன்று, எம்.ஜி.ஆர். காலமானார். ஊரே கடை அடைத்துக் கிடந்ததே, அதுவும் எந்தக் கட்டுரையிலும் இல்லை.

நல்ல பக்கம் ஒன்று வந்தது. புனலூரில் வாழ்க்கைப்பட்ட நம் தோழி எழுதியது. அவர் கேரளத்து ஆரியங்காவிலிருந்து கொல்லம் பாசஞ்சரில் படிக்க வந்தவர். 1956 நவம்பர் 1 வரை ஆரியங்காவும் செங்கோட்டையும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் ஒரே தாலுகா. அன்றைக்கு எல்லை மாறி நாம் இந்தப் பக்கம் வந்தோம், அவர்கள் ஊர் அந்தப் பக்கமே நின்றது. ஆனால் அவர்கள் வீட்டுக்குச் சந்தையும் சொந்தமும் இங்கேதான், அதனால் பள்ளிக்கூடமும் இங்கேதான். அப்போது மீட்டர்கேஜ், கரி என்ஜின். மலைக்குகை வருகிறது என்று யாராவது கத்தியதும் ஜன்னல் பலகையை இறக்க வேண்டும். இறக்கத் தவறினால் புகை முழுவதும் பெட்டிக்குள். வெள்ளைத் தாவணியில் விழுந்த கரித்தூளைத் தட்டினால் கோடாகப் பரவும் என்பதால் ஊதி ஊதியே எடுப்பார்களாம். பிரேயருக்குத் தாமதமாக வந்து வராந்தாவில் நின்றுகொண்டு ஊதியதை நானும் பார்த்திருக்கிறேன். நாம் அவர்களுக்கு வைத்த பட்டப்பெயரையும் எழுதியிருக்கிறார். அதை நீக்கச் சொல்லிச் செயற்குழுவில் இருவர் கேட்டார்கள். நீக்கப்போவதில்லை.

மலருக்கான செலவைச் செயற்குழுவின் ஒப்புதலுக்கு முன்பே செய்துவிட்டேன் என்று ஒரு பேச்சு. செய்தது உண்மை. பத்தாம் வகுப்பு குரூப் போட்டோ நம்மில் ஒருவர் வீட்டில்தான் இருந்தது, ஓரத்தைச் செல்லரித்திருந்தது. செயற்குழு கூடப் போதிய ஆள் சேரும் வரை செல் காத்திருக்காது. தென்காசிக்கு எடுத்துப்போய் ஸ்கேன் செய்து, கீழே அச்சிட்டிருந்த பெயர்களோடு சரிபார்த்தேன். ரசீது இருக்கிறது.

சரிபார்க்கும்போதுதான் ஒன்று தெரிந்தது. வகுப்பில் நாம் நாற்பத்து மூன்று பேர், போட்டோவில் முப்பத்தெட்டு. அன்று விடுப்பு என்று ஐவரைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தோம். விடுப்பு இல்லை. போட்டோவுக்குப் பணம் கட்டாதவர்கள் வேப்பமரத்தடியில் நிற்கட்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஐவரில் ஒருவர் சொன்னார்: “நாங்க நின்ன மரத்தோட கிளையும் போட்டோல விழுந்திருக்கு, பாரு.” பார்த்தேன், இடது மூலையில் விழுந்திருக்கிறது. மலரில் அந்த ஐவரின் இன்றைய படத்தையும் அதே பக்கத்தில் சேர்த்திருக்கிறேன். பக்கம் கூடியதும் செலவு கூடியதும் அதனால்தான்.

இந்த இடத்தில் சந்தாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்த ஆண்டு சந்தாவை ஏப்ரலிலேயே கட்டியவர்கள் பட்டியலில் அந்த ஐவரும் இருக்கிறார்கள். போட்டோவின் முன்வரிசையில் ஆசிரியர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் மூன்று பேருக்கு இரண்டு ஆண்டு நிலுவை. பெயர் சொல்லவில்லை. போட்டோ வாசலில் பெரிதாக்கி வைக்கப்பட்டிருக்கிறது.

வருகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சங்கம் தொடங்கிய 2013-ல் கேரளப் பக்கத்து நண்பர்கள், அகலப்பாதை வேலைக்காக 2010-ல் நிறுத்திய ரயில் இன்னும் வரவில்லை என்றார்கள். நியாயம். 2018-ல் ரயில் வந்துவிட்டது. இப்போது முட்டிவலி என்கிறார்கள். புனலூர்த் தோழி இன்று காலை ரயிலில்தான் வந்தார், முட்டிவலியோடு. பிரானூரிலும் இலஞ்சியிலும் இருப்பவர்களுக்கு ரயிலே தேவையில்லை, அவர்களைத்தான் காணோம்.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். சுருக்கமாக, வரவு கொஞ்சம், செலவு அதைவிடக் கொஞ்சம் கூடுதல். வித்தியாசத்தை உறுப்பினர் ஒருவர் தன் கையிலிருந்து போட்டிருக்கிறார். பெயரை வெளியிட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். செயலாளர் என்ற முறையில் அவர் மனதை நான் நன்றாக அறிவேன்.

மண்டபம் தந்த நண்பருக்கும், ஒலிபெருக்கி தந்தவருக்கும், பந்தி பரிமாறும் பிள்ளைகளுக்கும், எழுதித் தந்த பதினொரு பேருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு செயலாளர் பொறுப்புக்கு வேறு யாராவது முன்வந்தால் மகிழ்ச்சியோடு சாவியையும் மினிட் புத்தகத்தையும் ஒப்படைக்கத் தயார். மலர் மட்டும் என் கையில் முடியட்டும். அச்சகத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, மீதி கொடுத்தால்தான் கட்டுக் கட்டித் தருவார்கள். பாக்கி இருப்பவர்கள் கட்டினாலே போதும், நன்கொடை என்று தனியாக யாரையும் கேட்க மாட்டேன். பொருளாளர் ரசீது புத்தகத்தோடு வலப்பக்க வாசலில் உட்கார்ந்திருக்கிறார். பந்திக்கும் அந்த வாசல் வழியாகத்தான் போக வேண்டும்.

செயலாளர்